பொன்மொழியின் கீழே ‘எப்போது?’ என்று கேளுங்கள்

வாசகர் கடிதம்

நிலாவெளி வீதியோரமாக உள்ள ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையில் நூலகத்துக்குப் பொறுப்பான ஆசிரியை நான். போன வருடம் நூலகச் சுவரொன்றில் ‘எனக்குப் பிடித்த பொன்மொழி’ என்றொரு பகுதி தொடங்கினோம். தரம் 10, 11 பிள்ளைகளிடம் அட்டை கொடுத்து, பிடித்த பொன்மொழியை எழுதி, அது ஏன் பிடிக்கும் என்று கீழே ஐந்து வரி எழுதச் சொன்னேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே நாலைந்து வாசகங்கள். விளக்கமும் எல்லாரிடமிருந்தும் ஒன்றுதான்: ‘இது நாம் வாழ்க்கையில் முன்னேற வேண்டும் என்பதை எடுத்துக்காட்டுகிறது.’ சக ஆசிரியர் ஒருவர் பார்த்துவிட்டு, காந்தி சொன்னதாக ஒட்டியிருக்கும் ‘உலகில் நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு’ என்பது காந்தி சொன்னதே இல்லை என்கிறார். இதையெல்லாம் எங்கே பார்த்து உறுதி செய்வது? ஒரு மாணவி ‘முயற்சி திருவினையாக்கும்’ என்று எழுதி, அதன் கீழே ‘அப்பா விடிய மூண்டு மணிக்குக் கடலுக்குப் போறவர். எங்கட வீடு இன்னும் கட்டி முடியேல்ல’ என்று மட்டும் எழுதியிருக்கிறாள். ஒட்டுவதா, திருப்பிக் கொடுத்து வேறு எழுதச் சொல்வதா என்று தெரியாமல் மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். போன மாரியில் ஒட்டிய அட்டைகள் நெளிந்து, மை கரைந்து, பாதி கீழே விழுந்துவிட்டன. வெளிச்சுவரில் பெயின்ரால் எழுதிவிடலாமா என்று அதிபர் கேட்கிறார். பரிசு வைத்தால் பிள்ளைகள் கூடுதலாக எழுதுவார்களா?

– ஓர் ஆசிரியை, திருகோணமலை

பதில்

அன்புள்ள ஆசிரியைக்கு,

லாச்சிக்குள் இருக்கும் அட்டையைத்தான் முதலில் எடுக்க வேண்டும். நீங்கள் கேட்ட கேள்விக்கு உண்மையாகப் பதில் எழுதியிருப்பவள் அவள் ஒருத்திதான். மற்றப் பிள்ளைகள் பொன்மொழிக்குக் கருத்து எழுதியிருக்கிறார்கள். அவள் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்திருக்கிறாள், பொருந்தவில்லை, பொருந்தவில்லை என்பதையே எழுதியிருக்கிறாள். இதைத் திருப்பிக் கொடுத்து ‘வடிவாக’ எழுதச் சொன்னால், இந்தச் சுவரில் உண்மை எழுதக்கூடாது என்று அவள் விளங்கிக்கொள்வாள். வகுப்புக்கும் அது ஒரு நாளில் தெரிந்துவிடும். அதன் பிறகு எத்தனை அட்டை கொடுத்தாலும் ‘எடுத்துக்காட்டுகிறது’ மட்டுந்தான் வரும்.

அவள் எடுத்த வாசகம் முழுக்குறளின் முன்பாதி. 616ஆம் குறள் இது:

முயற்சி திருவினை ஆக்கும் முயற்றின்மை
இன்மை புகுத்தி விடும்.

முன்பாதியை மட்டும் சுவரில் எழுதும்போது அது ஒரு வாக்குறுதியாகிவிடுகிறது: முயன்றால் செல்வம் வரும். அந்த வாக்குறுதியை விடிய மூன்று மணிக்கு எழும்புகிற தகப்பனுடைய பிள்ளை வாசித்தால், அவளுக்கு எஞ்சுவது இரண்டு முடிவுகள். ஒன்றில் அப்பா போதியளவு முயலவில்லை, அல்லது சுவர் பொய் சொல்கிறது. நம் கரையில் வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் வள்ளம் கரையில்தான் கிடக்கும். அதற்கும் தகப்பனுடைய முயற்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிள்ளைக்கு அது நன்றாகவே தெரியும். சுவர்தான் தெரியாததுபோல் நிற்கிறது.

வள்ளுவருக்கு அது தெரிந்திருந்தது. அதே ‘ஆள்வினையுடைமை’ அதிகாரத்தில் இரண்டு குறள் தள்ளி, 618இல், ‘பொறியின்மை யார்க்கும் பழியன்று அறிவறிந்து ஆள்வினை இன்மை பழி’ என்கிறார். நல்வாய்ப்பு இல்லாமற்போவது ஒருவருக்கும் இழுக்கில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். அடுத்தது 619:

தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன்
மெய்வருத்தக் கூலி தரும்.

இங்கே திருவும் இல்லை, பெருஞ்செல்வமும் இல்லை. உடம்பு வருந்தியதற்குரிய கூலி கிடைக்கும் என்பதோடு நிற்கிறது. வலை இழுக்கிற வீட்டுப் பிள்ளைக்கு 616ஐ விட இது நெருக்கமாக இருக்கக்கூடும். ஆனால் ‘இதை எழுது’ என்று நீங்கள் கொடுக்க வேண்டாம். அந்த அதிகாரத்தின் பத்துக் குறளையும் (611 முதல் 620 வரை) ஒரே தாளில் அச்சடித்து, முடிந்தால் ஊழைப் பற்றிய 380ஐயும் கீழே சேர்த்து, அவள் கையில் கொடுத்து ஒரு கிழமை விடுங்கள். ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்று 380இல் கேட்டவர்தான் 620இல் ‘ஊழையும் உப்பக்கம் காண்பர்’ என்கிறார். இரண்டையும் ஒரே தாளில் பார்க்கிற பிள்ளை தன் வீட்டுக்கு எது சரி என்று தானே முடிவு செய்வாள். எழுதிய அட்டையே இருக்கட்டும் என்றாலும் சரிதான்.

ஒட்டுவதா என்பதை அவளிடமே, தனியாக, வகுப்புக்கு முன்னால் வைக்காமல் கேளுங்கள். முதல் நாள் ‘ஓம் ரீச்சர்’ என்றால் உடனே ஒட்டாதீர்கள். மூன்று நாலு நாள் விட்டு மறுபடி கேளுங்கள். ஆசிரியர் கேட்டால் மறுக்கத் தெரியாத பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்கும்போதுதான் மனதில் உள்ளதைச் சொல்வார்கள். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கவும் வேண்டாம். கடற்கரைக் கிராமத்தில் யாருடைய அப்பா, எந்த வீடு என்பது அட்டையை வாசித்தவுடன் எல்லாருக்கும் விளங்கிவிடும். ஒட்டுவதானால் ‘முடியேல்ல’ என்பதை ‘முடியவில்லை’ என்று திருத்தாதீர்கள். பொன்மொழியின் பாடத்தில் ஓர் எழுத்துக்கூடப் பிழைக்கக்கூடாது. பிள்ளையின் பேச்சில் கைவைக்கக்கூடாது. ஆறுதல் என்று நினைத்து அவளுக்கு இன்னொரு பொன்மொழியைப் பதிலாகச் சொல்வதையும் தவிருங்கள். வாசித்தேன், விளங்கியது என்று சொன்னால் போதும்.

இனி மற்றப் பிள்ளைகளிடம் ஏன் ஒரே மாதிரி வந்தது என்று பார்ப்போம். ‘ஏன் பிடிக்கும்?’ என்ற கேள்விதான் காரணம். தமிழ்ப் பாடத்தில் கருத்து விளக்கம் எழுதிப் பழகிய பிள்ளைக்கு அது பரீட்சைக் கேள்வியாகத்தான் காதில் விழும். ‘நாம்’ என்று தொடங்கி ‘வேண்டும்’ என்று முடிக்கப் பழகிய கை அப்படியே எழுதிவிடும். கேள்வியை மாற்றினால் கை தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் சொந்தமாக ஏதாவது வரும்.

‘ஏன்’ என்பதை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வாசகம் உங்களுக்கு யாரிடமிருந்து, எங்கே வந்தது? கடைசியாக எப்போது ஞாபகம் வந்தது, அப்போது எங்கே நின்றீர்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? எந்த நேரத்தில் இது உதவாது? மூன்றாவதை விட்டுவிடவே கூடாது. ஒரு வாசகம் தனக்கு எங்கே உதவாது என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, எங்கே உதவும் என்பதையும் நிச்சயமாகச் சொல்லும். அதோடு, ‘எப்போதும்’, ‘எல்லாரும்’ என்ற சொற்கள் தாமாகவே குறைந்துவிடும்.

ஓர் உதாரணம் காட்டுகிறேன். 621ஆம் குறளை, ‘இடுக்கண் வருங்கால் நகுக’ என்பதை, ஒரு மாணவன் எடுத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கேள்விக்கு அவன் எழுதக்கூடியது: ‘துன்பம் வரும்போது நாம் சிரிக்க வேண்டும் என வள்ளுவர் கூறுகிறார். இதன்மூலம் நாம் துன்பத்தை வெல்லலாம்.’ மூன்று கேள்விக்குப் பிறகு அதே அட்டை ஏறக்குறைய இப்படி வரும்:

‘தரம் 8இல் பாடம். ரியூசனுக்குப் போகேக்க மட்டிக்களியில சைக்கிள் செயின் கழண்டது. வெள்ளைச் சேட்டெல்லாம் கிறீஸ். பிந்திப் போனா சேர் ஏசுவார் எண்டு பயம். சிநேகிதன் என்ர முகத்தில கிறீஸைப் பாத்துச் சிரிச்சான், எனக்கும் சிரிப்பு வந்திட்டுது. அம்மம்மா செத்த கிழமை யாரும் இந்தக் குறளைச் சொல்லியிருந்தா எனக்குக் கோவம்தான் வந்திருக்கும்.’

முதலாவதை வாசிப்பவர்கள் நிற்காமல் போய்விடுவார்கள். இரண்டாவதற்கு முன்னால் பிள்ளைகள் நிற்பார்கள். பக்கத்தில் நிற்பவனிடம் தன் கதையைச் சொல்வார்கள். சுவர் வைப்பதே அதற்காகத்தானே.

நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்று போதும். முதல் ஐந்து நிமிடம் மேலே உள்ளதுபோல இரண்டு மாதிரிகளை வாசித்துக் காட்டுங்கள். பத்து நிமிடம் இருவர் இருவராக மூன்று கேள்விகளையும் வாயால் கேட்டுப் பேசட்டும். பேசியதைத்தான் பிறகு எழுதுகிறார்கள், அதனால் இந்தப் பத்து நிமிடத்தைச் சுருக்க வேண்டாம். பதினைந்து நிமிடம் எழுதட்டும், அறுபது சொல்லுக்கு மேற்படாமல். மிச்சப் பத்து நிமிடம் ஒரே ஒரு திருத்தத்துக்கு: ‘நாம்’ வருகிற இடமெல்லாம் ‘நான்’ என்று மாற்றி வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘நான்’ போட்டதும் பொய்யாகத் தெரிகிற வரியைப் பிள்ளை தானே வெட்டிவிடும்.

ஒரே நாலைந்து வாசகம் வந்ததற்குக் காரணம் வேறு. வகுப்பில் உட்காரவைத்து உடனே எழுதச் சொன்னால் போனில் நேற்றுப் பார்த்ததும் பாடப்புத்தக அட்டையில் இருப்பதும்தான் வரும். ஒரு கிழமை முன்பே சொல்லி, வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். அம்மம்மாவும் அப்பப்பாவும் உம்மம்மாவும் வாப்பாவும் அடிக்கடி சொல்கிற வாசகம், கடை மேசைக்கு மேலே மாட்டியிருப்பது, ஓட்டோவின் பின்னால் எழுதியிருப்பது, வள்ளத்தின் அணியத்தில் எழுதியிருப்பது எல்லாம் சேர்த்தி. ‘உம்மம்மா சொன்னது, கிண்ணியா’ என்பது முழுமையான, நேர்மையான மூலக்குறிப்பு. பெரிய பெயர் தேவையில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தால், பொய்யான பெரிய பெயர்களும் குறைந்துவிடும்.

சக ஆசிரியர் சொன்னது சரி. ‘உலகில் நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு’ என்பது காந்தியின் எழுத்துகளில் அந்த வடிவில் எங்கும் இல்லை. 1913இல் அவர் எழுதியதில், நாம் நம்மை மாற்றிக்கொண்டால் உலகின் போக்கும் மாறும் என்ற பொருளில் ஒரு பகுதி இருக்கிறது, அவ்வளவுதான். நெல்சன் மண்டேலாவின் 1994 பதவியேற்பு உரையில் வந்ததாகச் சுற்றுகிற ‘நமது ஆழ்ந்த அச்சம் நாம் போதாதவர்கள் என்பதல்ல’ என்ற பகுதியும் அந்த உரையில் இல்லை. மேரியான் வில்லியம்சன் 1992இல் வெளியிட்ட நூலில் உள்ளது. நம் வீடுகளில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ‘எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது’ என்ற கீதாசாரமும் அப்படியே. கீதையில் அப்படி ஒரு சுலோகம் கிடையாது. அந்த வாசகத்தால் ஆறுதல் அடைந்தவர்களின் ஆறுதல் மெய்தான். அதனால் அட்டையைக் கழற்ற வேண்டியதில்லை. மூலம் எழுதும் வரியில் ‘கீதை’ என்பதை எடுத்துவிட்டு ‘சுவர்ப்படத்தில் இருந்தது, எங்கள் வீட்டு விறாந்தை’ என்று போட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

பெயர் சரியாக இருந்து, வாசகம் அரையாக இருப்பதுதான் கூடுதலாக நடக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதும் கடினம். ‘கடமையைச் செய், பலனை எதிர்பாராதே’ என்பதற்கு அடிப்படை கீதை 2:47. அந்தச் சுலோகம், செயலற்றிருப்பதிலும் உனக்குப் பற்று வேண்டாம் என்று முடிகிறது. அந்த முடிவு சுவருக்கு வருவதே இல்லை. ‘மெல்லத் தமிழினிச் சாகும்’ என்று பாரதியார் வருந்தியதாக மேடைகளில் கேட்டிருப்பீர்கள். பாட்டில் அடுத்தாற்போல ‘என்றந்தப் பேதை உரைத்தான்’ என்று வருகிறது. ஒரு பேதை சொன்னதாக எடுத்துக்காட்டி, அந்த வசை தனக்கு வரலாமா என்று தமிழ்த்தாய் கேட்கிற இடம் அது. ‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்ற பிலிப்பியர் 4:13ஐ விளையாட்டுப் போட்டிக்கும் பரீட்சைக்கும் எடுக்கிறார்கள். அதற்கு முன்வசனத்தில் பவுல் பேசுவது பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் தான் பழகியதைப் பற்றி; எழுதியதும் சிறையிலிருந்து. வெற்றிக்கு முன் சொல்வதைவிட, பெறுபேறு சரியாக வராத பிள்ளைக்குத்தான் அது கூடப் பொருந்தும். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்பதும் பதின்மூன்று அடிப் பாட்டின் முதலடி மட்டுமே. புறநானூறு 192ஐ முழுக்க வாசித்தால் நடுவில் ‘நீர்வழிப் படூஉம் புணைபோல்’ என்று வருகிறது: பேராற்று நீரின் போக்கில் போகிற மிதவை. அந்த அடியை ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். வள்ளமும் நீரோட்டமும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பொழிப்புரை தேவைப்படாது.

எங்கே பார்ப்பது என்று கேட்டீர்கள். பழந்தமிழ் நூல்களுக்கு மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும். நம் நாட்டு எழுத்துக்கு நூலகம் நிறுவனத்தின் இணையத்தளம். மூன்றும் இலவசம். விபுலாநந்த அடிகளைப் போல இந்த மண்ணோடு தொடர்புள்ளவர்களை – திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்தியவர் அவர் – பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தவும் கடைசியில் சொன்ன தளம் நல்ல வழி. ‘வெள்ளைநிற மல்லிகையோ’ என்று தொடங்கும் அவருடைய பாட்டிலிருந்து மட்டும் இரண்டு மூன்று அட்டை வரலாம். விதி எளிது: ஆளின் பெயர் மட்டும் இருந்தால் அது மூலம் ஆகாது. நூலின் பெயரும் பாட்டெண்ணோ ஆண்டோ வேண்டும். மேற்கோள் திரட்டுகிற தளங்களும் வட்ஸ்அப் படங்களும் ஒன்றையொன்று பார்த்து எடுப்பவை. நூறு இடத்தில் இருந்தாலும் ஓரிடத்தில் இருப்பதற்குச் சமம். அரை மணித்தியாலம் தேடியும் கிடைக்காவிட்டால் ‘சொன்னவர் தெரியவில்லை’ என்று எழுதி ஒட்டுங்கள். தேடும் வேலையைத் தரம் 10இல் ஆர்வமுள்ள நாலு பிள்ளைகளிடம் கொடுங்கள். பொய்யான பெயரைப் பிடிப்பதில் அவர்களுக்குப் பெரிய சந்தோசம் இருக்கும்.

இணையத்திலிருந்து எடுத்ததை அச்சகத்தில் கொடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. நம் பக்கத்து அச்சகங்கள் பலவற்றில் இன்னும் யுனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருதான். நீங்கள் யுனிகோட்டில் அனுப்பியதை அவர்கள் மாற்றும்போது சில எழுத்து இடம் மாறும், சில விழுந்துவிடும். 621இன் ‘அஃதொப்ப தில்’ போன்ற ஆய்த எழுத்து உள்ள இடங்களையும், கொம்பும் காலும் சேர்ந்து வருகிற ஒகர, ஓகார எழுத்துகளையும் தனியாகப் பாருங்கள். குறள் என்றால் முதலடியில் நாலு சீர், இரண்டாமடியில் மூன்று சீர் இருக்கிறதா என்று விரலால் எண்ணிப் பாருங்கள். இடம் போதவில்லை என்று அச்சகத்தார் மூன்று வரியாக மடித்துவிடுவது வழக்கம். எழுத்தைச் சின்னதாக்கினாலும் அடியை உடைக்க விடாதீர்கள்.

அட்டைகள் ஏன் கெட்டன என்பது இப்போது. ஜெல் பேனை மை ஈரம் பட்டால் பெரும்பாலும் கரையும், போல்பொயின்ற் கரையாது. இங்க்ஜெட் அச்சு பரவும், லேசர் அச்சு பரவாது. ஏ5 அளவுத் தடித்த அட்டையில் போல்பொயின்ற் பேனையால் எழுதுவித்து லெமினேட் செய்யுங்கள். சுற்றிவர ஐந்து மில்லிமீற்றராவது பிளாஸ்ரிக் விளிம்பு விட்டு வெட்ட வேண்டும்; தாள் விளிம்போடு ஒட்ட வெட்டினால் அந்த வழியாக ஈரம் ஏறி ஒரு மாதத்தில் வெண்படலம் பிடிக்கும். குண்டூசி குத்தினால் அந்த ஓட்டையாலும் ஏறும், கடற்காற்றில் ஊசியும் துருப்பிடித்து அட்டையில் செம்மஞ்சள் கறை விழும். இரட்டைப்பக்க ரேப் மாரியில் நிற்காது. இரண்டு ஆணிக்கு நடுவே நைலோன் கயிறு இழுத்து, துணி காயவிடும் பிளாஸ்ரிக் கிளிப்பால் தொங்கவிடுங்கள், மாற்றுவதும் சுகம். லெமினேட் செய்வதை மழை விட்ட, வெயில் எறித்த நாளில் செய்யுங்கள். ஈரக்காற்று நாளில் தாள் குடித்த நீர் உள்ளேயே அடைபட்டுவிடும்.

வெளிச்சுவரில் பெயின்ரால் எழுதும் யோசனையை நான் ஆதரிக்கவில்லை. சுவர் கெடும் என்பதைவிட, எழுதியது மாறாமல் நின்றுவிடும் என்பதே எனக்குக் கவலை. ஒரு பொன்மொழி ஆறு வருடம் ஒரே இடத்தில் நின்றால் பிள்ளைகளின் கண் அதைப் பார்ப்பதை விட்டுவிடும். இரண்டு மாதத்துக்கொருமுறை மாறுகிற அட்டை வரிசையை நின்று வாசிப்பார்கள். அதிபர் அவசியம் வேண்டும் என்றால் ஒரேயொரு வாசகம், முழுதாக, மூலத்தோடு எழுதுங்கள். ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை தூரிகை எடுக்க வேண்டாம். புதிதாகச் சாந்து பூசிய சுவரென்றால் இருபத்தெட்டு நாளாவது காயட்டும். உப்புப் பூத்திருந்தால் கழுவாமல், காய்ந்த நிலையில் கம்பித் தூரிகையால் தட்டி எடுத்து, ஈரம் வருகிற வழியை அடைத்த பிறகே பூச்சு. கழுவினால் உப்புக் கரைந்து திரும்ப உள்ளே போய் அடுத்த வெயிலில் வெளியே வரும். நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்துக்குக் கீழே எழுத்து வேண்டாம், ஈரம் அங்கேதான் ஏறும். எழுத்தின் அளவுக்கு, பத்தடித் தூரத்துக்கு ஓரங்குலம் என்பது விளம்பரப் பலகை எழுதுபவர்களின் கணக்கு. தமிழில் சுழியும் கொம்பும் நெருங்கி வருவதால் நான் ஒன்றரை அங்குலமாவது வைப்பேன்.

சமய வாசகங்களுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். திருக்குர்ஆனின் 94ஆம் அத்தியாயத்தில் கஷ்டத்துடன் இலகு இருக்கிறது என்பது 5, 6ஆம் வசனங்களில் அடுத்தடுத்து இருமுறை வருகிறது. முஸ்லிம் பிள்ளைகள் பலர் இதைக் கொண்டுவரக்கூடும். அத்தகைய அட்டையைக் கண்மட்டத்துக்கு மேலே தொங்கவிடுங்கள், சப்பாத்துக் கழற்றும் பக்கமாக வேண்டாம். கழற்றும்போது குப்பையில் போடாமல் பிள்ளையிடமே திருப்பிக் கொடுங்கள். தேவார, விவிலிய வரிகளுக்கும் இதே முறை.

‘எப்போது’ என்று கேட்கத் தொடங்கினால் பாரமான பதில்களும் வரும். இது சுனாமியும் போரும் கண்ட மாவட்டம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நேரடி ஞாபகம் இல்லாவிட்டாலும் வீட்டில் மாட்டியிருக்கும் படங்களில் அது இருக்கிறது. அதனால் அட்டையின் பின்பக்கம் மூன்று கட்டம் அச்சடியுங்கள்: பெயரோடு ஒட்டலாம், பெயரில்லாமல் ஒட்டலாம், ரீச்சர் மட்டும் வாசிக்கவும். மூன்றாவது கட்டத்தில் அடையாளம் இட்ட அட்டை உங்கள் கையைத் தாண்டிச் சக ஆசிரியர்களின் தேநீர் மேசைக்குப் போகக்கூடாது. ஒரு முறை போனால் அந்தக் கட்டத்தைப் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள்.

இதற்கு ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. வாழ விருப்பமில்லை, தான் இல்லாவிட்டால் நல்லது என்ற பொருள் எந்த வடிவில் வந்தாலும், யாரோ தனக்குத் தீங்கு செய்கிறார் என்பது தெரிந்தாலும், அன்றைக்கே தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். ‘சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?’ என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணாதீர்கள். உன்னைக் காப்பாற்றக்கூடியவர்களுக்கு மட்டும் சொல்வேன் என்று சொல்லி, பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனைப் பொறுப்பாசிரியருக்கும், தேவைப்பட்டால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் கொண்டுபோங்கள். உளநல உதவிக்குத் தேசிய இலக்கம் 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. இரண்டையும் சுவரின் ஒரு மூலையில், பொன்மொழிகளின் அதே அளவு எழுத்தில், நிரந்தரமாக ஒட்டிவையுங்கள்.

பரிசு வேண்டாம். பரிசு என்றதும் நடுவர்கள் வருவார்கள், நடுவர்கள் வந்ததும் ‘எடுத்துக்காட்டுகிறது’ திரும்ப வரும். லாச்சிக்குள் உள்ள அட்டைக்கு எத்தனை புள்ளி போடுவது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக முதல் வரிசையில் ஆசிரியர்களின் அட்டைகளைத் தொங்கவிடுங்கள்: நீங்கள், அதிபர், காவலாளி ஐயா, சிற்றுண்டிச்சாலை அக்கா. அவர்களும் அதே மூன்று கேள்விக்கு, அறுபது சொல்லுக்குள். அதிபர் மூன்றாவது கேள்விக்கு என்ன எழுதுகிறார் என்று பிள்ளைகள் முதலில் பார்ப்பார்கள், அதனால் அவருக்கு ஒரு கிழமை முன்னதாகவே அட்டையைக் கொடுத்துவிடுங்கள்.